அழகுக்கு 40, அணுகலுக்கு 10: இணையதள விருது நடுவர் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அச்சு வடிவமைப்பில் நெடுங்காலம் பணியாற்றியவர். நீங்கள் சார்ந்த தொழிற்கூட்டமைப்பு, தன் உறுப்பு நிறுவனங்களின் இணையதளங்களுக்கு வழங்கும் விருதுக்கு இவ்வாண்டு உங்களையும் நடுவராக அமர்த்தியிருக்கிறது. உங்களுக்குத் தரப்பட்ட மதிப்பெண் தாளில் காட்சி வடிவமைப்புக்கு 40, உள்ளடக்கத்துக்கு 30, தொழில்நுட்பத்துக்கு 20, அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோராலும் தளத்தைப் பயன்படுத்த முடிவதற்கு, 10 என ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பத்தையும் ஒரு தானியங்கிக் கருவி காட்டும் எண்ணைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்கிறார்கள். கருவியின் எண் போதுமா, நிரல் எழுதத் தெரியாத ஒருவர் அணுகல்தன்மையை வேறு எப்படி மதிப்பிடுவது, கண்ணைக் கவரும் தளம் ஒன்றும் எளிமையானாலும் எல்லோருக்கும் பயன்படுகிற தளம் ஒன்றும் இறுதிச் சுற்றில் எதிரெதிரே நின்றால் எதைத் தேர்வது என மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உடன் நடுவர் ஒருவர், "நம் நிறுவனங்களின் தளங்களுக்குப் பார்வையற்றவர்கள் வருவதேயில்லை" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்விகளுக்கு முன்னால் அந்த மதிப்பெண் தாளைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. விசைப்பலகையால் ஒரு பொத்தானைக்கூட அழுத்த முடியாத, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானில் வெற்றுப் பக்கமாகவே ஒலிக்கிற ஒரு தளம், இந்தத் தாளின்படி 100க்கு 90 பெற்று முதற்பரிசு வாங்கிவிடலாம். அணுகல்தன்மைக்கு 10க்குப் பதில் 25 கொடுத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது; கூட்டிப் பார்க்கும் எந்த முறையிலும் ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கத்து நிறை ஈடுகட்டிவிடும். ஆனால் படியேற முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டவருக்கு வரவேற்பறையின் அலங்காரம் எதையும் ஈடுகட்டுவதில்லை. எனவே அணுகல்தன்மையை மதிப்பெண் பத்தியிலிருந்து எடுத்துவிட்டு, பரிசுக்கான தகுதி நிபந்தனையாக வையுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. அந்த நிபந்தனையைக் கடந்த தளங்களுக்குள் மட்டும் வடிவமைப்பின் தரத்தை ஒப்பிடுங்கள். விண்ணப்பங்கள் வந்துவிட்ட நிலையில் தாளை மாற்ற முடியாது எனக் கூட்டமைப்பு சொன்னால், இறுதிச் சுற்றுக்குச் செல்லும் தளங்களுக்காவது இந்த நிபந்தனையை விதிக்கும்படி கேளுங்கள். அதற்கு எந்தத் தாளையும் திருத்த வேண்டியதில்லை.

அளவுகோல் ஒன்றை நீங்களாக உருவாக்க வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் முதன்முதலில் வெளியிட்ட இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் 2008இல் 2.0 ஆகவும், 2018இல் 2.1 ஆகவும், 2023 அக்டோபரில் 2.2 ஆகவும் வளர்ந்திருக்கின்றன. அவற்றில் ஏ, இரட்டை ஏ, மும்மை ஏ என மூன்று படிநிலைகள் உண்டு. பெரும்பாலான சட்டங்களும் ஒப்பந்தங்களும் எதிர்பார்ப்பது இரண்டாவதை. அந்தப் படிநிலை வரை 2.2 பதிப்பில் 55 நிபந்தனைகள் உள்ளன. நடுவர் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், பலவகைக் கருவிகளிலும் உறுதியாக இயங்க வேண்டும் என்ற நான்கு அடிப்படைகளின்கீழ் அவை அடங்குகின்றன என்பதும், கீழே நான் சொல்லும் சில எண்களும் உங்கள் வேலைக்குப் போதும்.

எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பது எப்படிப் பார்ப்பது என்பதைவிட முக்கியமானது. விருதுக் குழுக்கள் வழக்கமாகப் பார்ப்பது முகப்புப் பக்கத்தை. நிறுவனங்களும் அதை அறிந்தே தம் பணத்தையும் உழைப்பையும் அங்கே கொட்டுகின்றன. ஒரு நிறுவனத் தளத்தில் மிகக் குறைவாக உண்மை பேசும் பக்கமும் அதுதான். அந்தத் தளத்துக்கு யார், எதற்காக வருகிறார்கள் என்று யோசியுங்கள்: வேலைக்கு விண்ணப்பிக்க வருபவர், ஆண்டறிக்கையில் ஒரு கணக்கைத் தேடும் முதலீட்டாளர், செய்தித் தொடர்பாளரின் முகவரியைத் தேடும் பத்திரிகையாளர், பொருள் வழங்கும் நிபந்தனைகளை அறிய விரும்பும் சிறுதொழிலர், வாங்கிய பொருளில் குறை கண்டு புகார் அளிக்க வந்த வாடிக்கையாளர். இவர்களில் மூவரின் வேலையைத் தேர்ந்து, எல்லாத் தளங்களிலும் அதே மூன்று வேலைகளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து பாருங்கள். வழிகாட்டுதல்களும் இதையேதான் கேட்கின்றன: பல பக்கங்களில் நடக்கும் ஒரு செயல்பாட்டில் ஒரு பக்கம் தவறினாலும் அந்தச் செயல்பாட்டின் எந்தப் பக்கமும் தேறியதாகக் கொள்ள முடியாது. அந்த மூன்று வேலைகளோடு, தளத்தின் ஆழத்தில் யாரும் கவனிக்காத இரண்டொரு பக்கங்களையும் தற்செயலாக எடுத்துப் பாருங்கள். பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பது நான்காண்டுகளுக்கு முந்தைய ஒரு செய்தி அறிக்கையில் தெரிந்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது நிரல் அறியாதவர் சோதிக்கும் முறைக்கு வருகிறேன். கணினிச் சுட்டியின் (மவுஸ்) இணைப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். பக்கத்தைத் திறந்து டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே செல்லுங்கள்; பின்னோக்கிச் செல்ல ஷிஃப்ட் விசையோடு டேப், இணைப்பைத் திறக்க என்டர், பொத்தானை அழுத்தவும் பெட்டியைத் தெரிவுசெய்யவும் இடைவெளி விசை, திறந்ததை மூட எஸ்கேப் விசை. முதல் அழுத்தத்திலேயே தளத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும். நன்றாகக் கட்டப்பட்ட தளத்தில் அப்போது "முதன்மை உள்ளடக்கத்துக்குச் செல்க" போன்ற ஓர் இணைப்பு தோன்றும். அது இல்லாவிட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் பட்டியின் அத்தனை இணைப்புகளையும் கடந்த பிறகே விசைப்பலகைப் பயனர் செய்திக்கு வந்து சேர்வார். அடுத்து, நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் கோடோ கட்டமோ ஒவ்வொரு அழுத்தத்திலும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டம் தம் வடிவமைப்பைக் கெடுக்கிறது என்று கருதி அதை மறைத்துவிடும் வடிவமைப்பாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுட்டியைப் பயன்படுத்துபவரின் திரையிலிருந்து அம்புக்குறியை நீக்கிவிட்டு, இப்போது சொடுக்குங்கள் என்று சொல்வதற்கு இது ஒப்பானது என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

டேப் விசை செல்லும் வரிசை, கண் படிக்கும் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும். சுட்டியை மேலே கொண்டுசென்றால் மட்டும் விரியும் பட்டிகளில் கவனமாக இருங்கள். விசைப்பலகையால் அவை விரிகின்றனவா, விரிந்தவற்றை எஸ்கேப் மூடுகிறதா, அல்லது திறக்காத பட்டியின் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளுக்குள் நீங்கள் காணாமற்போகிறீர்களா? குக்கீ ஒப்புதல் அறிவிப்பைப் பொறுமையோடு சோதியுங்கள். திரையின் அடிப்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பலகைக்குள் டேப் விசை நுழைவதே இல்லை என்றால், விசைப்பலகைப் பயனர் அதை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதற்குப் பின்னால் மறைந்த இணைப்புகளைப் பார்க்கவும் முடியாது. நீங்கள் நின்றிருக்கும் இடத்தை வேறொன்று முழுமையாக மறைக்கக் கூடாது என்ற நிபந்தனை 2.2 பதிப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. காணொளிப் பெட்டிக்குள்ளோ அரட்டைச் சாளரத்துக்குள்ளோ நுழைந்த டேப் விசை வெளியே வர மறுத்தால், அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை. அந்தத் தளம் தகுதி நிபந்தனையில் தவறிவிட்டது.

விசைப்பலகைச் சோதனையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைநடுக்கம் உள்ளவர், சுட்டியைப் பிடிக்க இயலாதவர், சுவிட்ச் கொண்டோ குரலாலோ கணினியை இயக்குபவர், திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் ஆகிய எல்லோருடைய கருவிகளும் பெரும்பாலும் இந்த ஒரே அடித்தளத்தின்மேல்தான் நிற்கின்றன. வேறெந்தச் சோதனையும் இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு காட்டுவதில்லை.

கண்ணுக்கான சோதனைகளில் உங்கள் அச்சு அனுபவம் நன்றாகக் கைகொடுக்கும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். 24 பிக்சலுக்குக் குறையாத பெரிய எழுத்துக்கும், ஏறத்தாழ 18.5 பிக்சலுக்கு மேற்பட்ட தடித்த எழுத்துக்கும் 3:1 போதும். வெள்ளையின்மேல் கறுப்பு 21:1. நிறுவனத் தளங்கள் நாகரிகத்தின் அடையாளமாகக் கருதும் வெளிர்சாம்பல் எழுத்து எங்கே விழுகிறது என்பதற்கு இரண்டு எண்கள் சொல்கிறேன்: 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் வெள்ளைப் பின்னணியில் 4.54:1 பெற்று மயிரிழையில் தேறுகிறது. 999999 என்ற குறியீடு கொண்டது 2.85:1 மட்டுமே பெற்று தோற்கிறது. நிழற்படத்தின்மேல் எழுதப்பட்ட முழக்கங்கள் இன்னும் மோசம், ஏனெனில் வெவ்வேறு அகலத் திரைகளில் எழுத்துக்குக் கீழே படத்தின் வெவ்வேறு பகுதி வந்து அமரும். ஒரு திரையில் தெளிவாகத் தெரிந்த சொல் இன்னொன்றில் வானத்து மேகத்துக்குள் மறைந்துவிடும். நிறத்தை மட்டும் கொண்டு செய்தி சொல்லும் வரைபடங்களையும், தவறாக நிரப்பிய கட்டத்துக்குச் சிவப்பு ஓரம் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும் படிவங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வட ஐரோப்பிய மரபினரான ஆண்களில் ஏறத்தாழ 100க்கு 8 பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டை அறிவதில் குறை உண்டு.

பிறகு உலாவியின் பெரிதாக்கும் வசதியை 400 விழுக்காட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். 1280 பிக்சல் அகலமுள்ள சாளரம் அப்போது 320 பிக்சல் அகலத்துக்கு இணையாகிறது. எழுத்துகள் ஒரே பத்தியாக மடங்கி அமைய வேண்டும்; ஒவ்வொரு வரியையும் படிக்கத் திரையை இடமும் வலமும் இழுக்கும்படி ஆகக் கூடாது. இந்தச் சோதனையில் பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதையும், நகராமல் ஒட்டி நிற்கும் தலைப்பட்டை திரையில் பாதியை விழுங்கிவிடுவதையும் அடிக்கடி காணலாம். கைபேசிக்கு ஏற்ப மடங்கும் தளம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பவர்களும் இங்கே தவறுவதுண்டு. கைபேசியில் தொடும் பொத்தான்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான இடைவெளி சுற்றிலும் இருக்க வேண்டும் என்பது இப்போதைய நிபந்தனை.

திரைவாசிப்பான் சோதனையைத்தான் புதியவர்கள் அஞ்சித் தவிர்க்கிறார்கள். விண்டோஸில் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் கிடைக்கிறது. ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் உள்ளன. என்விடிஏ இயங்கும்போது எச் விசையை அழுத்தினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். அப்படித் தாவும்போது கேட்கும் தலைப்புகள் ஒரு பொருளடக்கம்போல் ஒலிக்கின்றனவா? பெரிய எழுத்தில் காட்டப்பட்டாலும் தலைப்பு என்று அடையாளமிடப்படாத வரிகளை மென்பொருள் தாண்டிச் சென்றுவிடும். அச்சில் எழுத்தின் அளவே தலைப்பை உணர்த்திவிடுவதால், உங்கள் துறையிலிருந்து வருபவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அடுத்து இணைப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். "மேலும் படிக்க" என்பதே பத்து முறை ஒலித்தால் எது எதைப் பற்றியது என்று எப்படித் தெரியும்? படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் விவரிப்பான மாற்றுரை கோப்பின் பெயரையே ஒப்பிக்கிறதா, படத்தின் செய்தியைச் சொல்கிறதா, வெறும் அலங்காரப் படங்கள் முறையாக மௌனமாக்கப்பட்டிருக்கின்றனவா? பக்கத்தின் மொழி எது என்று நிரலில் அறிவிக்கப்படாவிட்டால், தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரல் படிக்க முயன்று எழுத்துகளை உளறவோ விழுங்கவோ நேரும். பன்மொழித் தளம் என்று பெருமை பேசும் விண்ணப்பங்களில் இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

ஆனால் இங்கே ஓர் எல்லை உண்டு. சோதனைக்காகத் திரைவாசிப்பானைத் திறந்த பார்வையுள்ளவரால் பெரிய உடைவுகளைக் கண்டுபிடிக்க முடியும்; பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்பதை மதிப்பிட முடியாது. அந்த மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்துபவரின் வேகமும் உத்திகளும் வேறு, அவருக்கு எரிச்சலூட்டுபவையும் வேறு. ஆகையால் நடுவர் குழுவிலேயே மாற்றுத்திறனாளிகள் இருவரையாவது சேர்க்கும்படி கூட்டமைப்பிடம் கேளுங்கள், மற்ற நடுவர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு. கருத்துச் சொல்ல மட்டும் ஒருநாள் அழைத்துவிட்டு, முடிவெடுக்கும்போது அவர்களை விட்டுவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

தானியங்கிக் கருவி பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு இப்போது விடை சொல்வது எளிது. ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் போன்ற கருவிகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் அவை கண்டறிந்த பிழைகளைப் பாருங்கள், எண்ணைப் பார்க்காதீர்கள். மாற்றுரை இருக்கிறதா என்பது கருவிக்குத் தெரியும், அது பொருளுடையதா என்பது தெரியாது. பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்பது தெரியும், அந்தப் பெயர் அது செய்யும் வேலையைக் குறிக்கிறதா என்பது தெரியாது. லைட்ஹவுஸில் 100 வாங்கிய பக்கத்தில் ஒரு வேலையைக்கூட விசைப்பலகையால் முடிக்க இயலாமல் இருக்கலாம். மறுபுறம், இயந்திரமே கண்டுபிடித்துவிடும் அளவுக்கு வெளிப்படையான பிழைகளைக்கூடத் திருத்தாமல் ஒருவர் விருதுக்கு விண்ணப்பித்திருந்தால், அது அவருடைய அக்கறையைப் பற்றி ஏதோ சொல்கிறது. இப்படிப்பட்டவை அரிதும் அல்ல. வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதித்து வருகிறது. 2025ஆம் ஆண்டுச் சோதனையில் 100க்கு 94.8 பக்கங்களில் பிழைகள் இருந்தன. அவற்றில் முதலிடம் வகிப்பது அந்த வெளிறிய எழுத்துதான்.

பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் ஒன்றை ஒட்டி, அதைச் சொடுக்கினால் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் வழி செய்யும் மேலொட்டு நிரல்களைக் கண்டு மயங்காதீர்கள். கீழே உள்ள கட்டுமானம் பழுதாக இருக்கும்போது அவை அதைச் சரிசெய்வதில்லை. பல சமயம் பயனர் தம் கணினியில் ஏற்கெனவே வைத்திருக்கும் மென்பொருளோடு அவை மோதுகின்றன. எந்தத் தளத்தையும் தானாகவே வழிகாட்டுதல்களுக்கு இணங்கச் செய்துவிடும் என்று விளம்பரம் செய்த இத்தகைய நிறுவனம் ஒன்று 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது.

நிறுவனத் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கல் ஆவணங்களில் இருக்கிறது. மிக முக்கியமான தகவலான ஆண்டறிக்கை, கொள்கை விளக்கம், பங்குதாரர் அறிவிப்பு முதலியவை பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளாகவே கிடக்கும். அச்சுக்கு உருவாக்கிய கோப்பை அப்படியே ஏற்றிவிடுவது பொது வழக்கம். அச்சுக்காரர் என்ற முறையில் அந்தக் கோப்பின் நேர்த்தி உங்களைக் கவர்ந்துவிடும், எனவே எச்சரிக்கிறேன். கோப்பைத் திறந்து ஒரு பத்தியைத் தேர்ந்து, படியெடுத்து, வெற்று ஆவணத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றும் ஒட்டாவிட்டால் அது வருடியெடுத்த படம். பொருளற்ற எழுத்துகள் வந்தால் ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் அமைத்தது. இரண்டு பத்திகளின் வரிகள் கலந்து வந்தால் படிக்கும் வரிசை குறிக்கப்படாதது. மூன்றுமே திரைவாசிப்பானுக்குச் சரியாகப் பயன்படாதவை, முதலிரண்டும் தேடலுக்கும் சிக்காதவை. அட்டவணைகளில் எந்த எண் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்பது குறிக்கப்படாவிட்டால், இலாபமும் நட்டமும் ஒரே எண் வரிசையாகக் காதில் விழும். அணுகத்தக்க பிடிஎஃப் கோப்புக்கென 2012 முதல் தனி ஐஎஸ்ஓ தரநிலையே, 14289 என்ற எண்ணில், இருக்கிறது. ஆனாலும் முக்கியமான பகுதிகளைச் சாதாரண வலைப்பக்கங்களாகவே தரும் நிறுவனத்துக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

வடிவமைப்பின் தரம் என்பது அவரவர் இரசனை என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். வண்ணத் தெரிவில் அது ஓரளவு உண்மை, மற்றவற்றில் இல்லை. நிறுவனம் என்ன செய்கிறது என்பது முகப்பின் முதல் வரிகளில் சொல்லப்பட்டிருக்கிறதா, அல்லது எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் ஒரு முழக்கம் அங்கே நிற்கிறதா? பட்டியில் உள்ள பெயர்கள் வருபவரின் மொழியில் இருக்கின்றனவா, நிறுவனத்தின் உள்துறைகளின் பெயர்களாக இருக்கின்றனவா? "தீர்வுகள்" என்ற தலைப்பின்கீழ் என்ன கிடைக்கும் என்று சொடுக்காமல் சொல்லக்கூடியவர் உண்டா? கைகுலுக்கும் மனிதர்களின் வாடகைப் படங்களை அகற்றிவிட்டால் பக்கத்தில் எஞ்சுவது எவ்வளவு? நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டுப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அது யாருடையது என்று ஊகிக்க முடியாவிட்டால், அச்சேறியது எதுவாக இருந்தாலும் அதை நீங்கள் நல்ல வடிவமைப்பு என்று ஏற்றிருக்க மாட்டீர்கள். தானாகச் சுழலும் படவரிசையை நான் எங்கும் ஆதரிப்பதில்லை. தானே தொடங்கி 5 வினாடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து அசையும் எதையும் நிறுத்துவதற்கு வழி இருக்க வேண்டும் என்பது கட்டாயம். அந்த வழி இருந்தாலும், படித்து முடிப்பதற்குள் பறிபோகும் வாக்கியம் நல்ல வடிவமைப்பின் அடையாளம் ஆகாது.

வேகமும் வடிவமைப்பின் பகுதியே. பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு 2.5 வினாடிக்குள் தோன்றுவதும், தொட்டதற்கான எதிர்வினை 200 மில்லிவினாடிக்குள் தெரிவதும் நல்ல நிலை என்பது கூகுளின் அளவுகோல். விலையுயர்ந்த கணினியிலும் அலுவலக இணைப்பிலும் சோதித்துவிட்டு இதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, கண்ணைக் கவர்வதா எளிமையானதா என்பது. கவர்ச்சியான தளம் தகுதி நிபந்தனையில் தவறியிருந்தால் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது. இரக்கத்தால் எளிய தளத்துக்குப் பரிசு கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. இரண்டும் தேறியிருந்தால் அழகுக்கு உரிய மதிப்பைத் தயங்காமல் கொடுங்கள். அணுகத்தக்கது என்றால் அழகற்றதாகத்தான் இருக்கும் என்பது இத்துறையின் பழைய மூடநம்பிக்கை. மேற்சொன்ன நிபந்தனைகளில் எதுவும் எழுத்துருவின் நயத்தையோ, வெள்ளைவெளியின் அமைதியையோ, படத்தின் துணிச்சலையோ தடைசெய்வதில்லை. எளிய தளம் எல்லாவற்றிலும் தேறி, ஆனால் எந்த இடத்திலும் எந்த முடிவும் எடுக்காத அலட்சியத்தால் எளிமையாக இருக்கிறதென்றால், அதற்கு முதற்பரிசு வேண்டாம். அணுகல்தன்மையைக் கடந்ததற்காக மட்டும் ஒரு தளத்தை உயர்த்துவது அந்த நிபந்தனையை மீண்டும் மதிப்பெண் பத்தியாக்கிவிடும்.

பார்வையற்றவர்கள் வருவதேயில்லை என்ற உடன் நடுவருக்கு: வர முடியாத இடத்துக்கு வராதவர்களை எண்ணி அவர்கள் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவு இயலாமையோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. சட்டத்தின் பக்கமும் இதைப் புதிய செய்தி என்று சொல்வதற்கில்லை. 2000ஆம் ஆண்டிலேயே, சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தளத்தைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கில், அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்க உத்தரவானது. படங்களுக்கு மாற்றுரை இல்லாததும் அவருடைய முறையீடுகளில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் இணைய வணிகம், வங்கிச் சேவை உள்ளிட்ட தனியார் சேவைகளுக்கும் பொருந்துகிறது. அந்த உடன் நடுவரை வாதத்தால் மாற்ற முயல்வதைவிட, வேலை விண்ணப்பப் படிவத்தை அவரையே சுட்டியில்லாமல் நிரப்பச் சொல்லிவிட்டு அருகில் அமர்ந்திருங்கள்.

நடைமுறைக் குறிப்புகள் சில. நடுவர்கள் முதலில் தனித்தனியே பார்த்து எழுதி முடித்த பிறகே கூடிப் பேச வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பேசியவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும். கண்ட குறைகளுக்கு, பயன்பாட்டு எளிமைத் துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் வகுத்த 0 முதல் 4 வரையிலான கடுமை அளவைப் பயன்படுத்தலாம்; அதில் 4 என்பது வெளியிடுவதற்கு முன் கட்டாயம் சரிசெய்ய வேண்டிய மிகக் கடுமையான குறை, 1 என்பது அழகுக்குறை. தகுதி நிபந்தனையைத் தீர்மானிக்கத் தேர்ந்தெடுத்த மூன்று வேலைகளில் 4 ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே போதுமான விதி. எல்லாத் தளங்களையும் ஒரே வாரத்துக்குள், ஒரே உலாவிப் பதிப்பில் பாருங்கள், பார்த்த நாளையும் குறித்து வையுங்கள். தளங்கள் இடையில் மாறிக்கொண்டே இருக்கும். பரிசு பெறாதவர்களுக்கும் உங்கள் குறிப்புகளை அனுப்பச் சொல்லுங்கள். "அணுகல்தன்மை போதாது" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பக்கம், எந்த உலாவி, எந்த விசையை அழுத்தியபோது என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்ற நான்கையும் எழுதினால், அந்த நிறுவனத்தின் நிரலாளர் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.